கால் வினாடியின் கர்த்தா

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, தினமும் நடக்கவேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டதாலும், காரியம் ஏதுமின்றிச் சும்மா நடப்பது கூச்சமாக இருந்ததாலும், மலைவாசஸ்தலம் ஒன்றில் சில மாதம் தங்க நேர்ந்தபோது கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்தவன் நான். என் மட்டைப் பையைச் சுமந்துவந்த இளைஞன் (அந்த ஆட்டத்தில் அவனுக்குக் கேடி என்று பெயர், நம் போலீஸ்காரர்கள் அதே சொல்லை வேறு யாருக்கு வைத்திருக்கிறார்கள் என்பதை அவனே சொல்லிச் சிரிப்பான்) ஒரு வாரம் முழுவதும் என் அவஸ்தையைப் பொறுமையோடு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எட்டாம் நாள் காலை, பனி விலகாத புல்லின்மீது நான் ஏழெட்டுத் தடவை மண்ணை வெட்டி ஓய்ந்த சமயத்தில், "சார், நீங்க பந்தைத் தூக்கப் பாக்குறீங்க. அதான் அது எழும்ப மாட்டேங்குது. நீங்க கீழ அடிங்க சார், மேல போறது மட்டை பாத்துக்கும்" என்றான். அன்று நான் சிரித்தேன். மேலே போகவேண்டிய வஸ்துவைக் கீழ்நோக்கி அடி என்று சொல்கிற சாஸ்திரத்தைக் கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

ஆனால் அவன் சொன்னது கலப்பற்ற கணிதம். ஏழாம் நம்பர் இரும்பு மட்டையின் முகம் 30 பாகையை ஒட்டிய சாய்வோடு செய்யப்பட்டிருக்கிறது. பந்தை வானத்துக்கு அனுப்பும் வேலையைக் கருமான் முன்னமே முடித்துக் கொடுத்துவிட்டான். ஆடுகிறவன் செய்யவேண்டியதெல்லாம், தன் வீச்சின் வட்டம் மிகத் தாழ்கிற இடம் பந்துக்குச் சில அங்குலம் அப்பால், இலக்கின் பக்கமாக அமையும்படி, உடலின் பாரத்தை உரிய காலத்தில் இடக்காலுக்கு மாற்றி, மட்டை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பந்தைச் சந்திக்கச் செய்வதுதான். கைதேர்ந்தவனின் இரும்பு மட்டை முதலில் பந்தைத் தொட்டு, பிறகே புல்லைச் சீவிச் செல்லும். பந்து எழவேண்டுமே என்ற ஆசை மேலிட்டவனோ, தன்னை அறியாமலே வலக்காலில் சாய்ந்து, மணிக்கட்டை முறித்து, அகப்பையால் குழம்பை அள்ளுவதுபோல் பந்தை அள்ளப் பார்க்கிறான்; உடனே வட்டத்தின் தாழ்வு பந்துக்குப் பின்னால் விழுந்துவிட, மட்டை மண்ணில் புதைகிறது, அல்லது மேலேறுகிற வழியில் பந்தின் உச்சியைத் தட்டி அதை எலிக்குஞ்சுபோல் புல்லில் ஓடவிடுகிறது. பலனில் ஆசை வைக்காமல் கருமத்தைச் செய் என்று குருக்ஷேத்திரத்தில் சொல்லப்பட்ட உபதேசத்தை நெடுங்காலம் நான் ஒரு நீதிவாக்கியமாக மாத்திரமே, ஆசைப்படுவது உயர்ந்த மனிதருக்கு அழகல்ல என்கிற அளவில்தான், கொண்டிருந்தேன். ஆசையானது முழங்காலையும் மணிக்கட்டையும் பிடித்து இழுத்து, கருமத்தையே உருத்திரிக்கிறது என்பதை, அந்த உபதேசம் ஸ்தூல சரீரத்தைப் பற்றியதும் ஆகலாம் என்பதை, ஈரமண் ஒட்டிய ஒரு மட்டையைப் பார்த்தபடி நின்றபோதுதான் முதன்முதலாக யோசித்தேன்.

இந்த யோசனை இன்னொரு விசாரத்தில் கொண்டுபோய் விட்டது. 1968-இல் அலஸ்டேர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் என்னும் இருவர், பிரிட்டனில் விஞ்ஞானிகள் பலர் கூடி இந்த ஆட்டத்தை ஆராய்ந்து கண்ட முடிவுகளைத் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டார்கள். தோளையும் கையையும் ஓர் ஊசலாகவும், மணிக்கட்டில் தொங்கும் மட்டையை அதன் நுனியில் கட்டிய இன்னோர் ஊசலாகவும் கொண்டு வீச்சை விளக்கிய அந்நூல், அதற்குப்பின் வந்த ஆசிரியர்களுக்கெல்லாம் ஒரு மூலக்கிரந்தம் போல் ஆயிற்று. இந்தத் துறையில் அளந்தறியப்பட்ட காலக் கணக்குகள்தாம் என்னைத் திகைக்கவைத்தவை. உச்சிக்குப் போன மட்டை பந்தை நோக்கி இறங்கிவர ஏறத்தாழக் கால் வினாடி ஆகிறது. மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதோ ஒரு வினாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கண் ஒன்றைக் கண்டு, மூளை அதை அறிந்து, கைக்கு ஆணை போய்ச் சேர்வதற்கே ஏறக்குறைய ஒரு வினாடியின் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும் என்று சரீர சாஸ்திரிகள் சொல்கிறார்கள். ஆகவே, வீச்சு இறங்கத் தொடங்கியபின் அதில் ஒரு பிழை இருக்கிறதென்று எனக்குத் தெரிந்து, அதைத் திருத்த நான் உத்தரவு கொடுத்து, அந்த உத்தரவு விரலுக்குப் போய்ச் சேர்வதற்குள், பந்து போய்விட்டது. பந்து தொடப்பட்ட அந்தச் சந்திப்பின்போது, 'நான் அடித்தேன்' என்று சொல்லிக்கொள்கிற அந்த நான் அங்கே இருக்கவேயில்லை. அப்படியானால் அடித்தது யார்?

வேதாந்திகள் பிராரப்தத்துக்கு வில்லிலிருந்து விடுபட்ட அம்பை உவமை சொல்வது வழக்கம். தூணியில் கிடக்கும் அம்பும் நாணில் ஏற்றிய அம்பும் வில்லாளியின் வசத்தில் இருப்பவை. விட்ட அம்பு அவன் வசத்தில் இல்லை. ஆனால் அந்த உவமையில், கையை நாணிலிருந்து எடுக்கும்வரை வில்லாளி எஜமானன். கோல்ஃபில் எல்லைக்கோடு அதற்கும் முன்னாலேயே விழுந்துவிடுகிறது. மட்டை இன்னும் என் கையில் இருக்கிறது, என் உடம்புதான் திரும்புகிறது, என் தோள்தான் இறங்குகிறது, ஆனால் அம்பு விட்டாயிற்று. கருமத்தில்தான் உனக்கு அதிகாரம், பலனில் இல்லை என்பது கீதையின் கொள்கை. என் அனுபவத்தில் அந்த அதிகாரம் கருமம் முழுவதிலும்கூட இல்லை, கருமத்தின் தோற்றுவாயில்தான் இருக்கிறது. மட்டையை எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது, இரு கைகளும் எப்படி ஒன்றாகப் பொருந்துவது, பாதங்களை எங்கே வைப்பது, பந்தை எந்தக் காலுக்கு நேராக வைத்துக்கொள்வது, மட்டையின் முகத்தை எதை நோக்கி நிறுத்துவது, மேலே கொண்டுபோகும்போது அவசரப்படாமல் இருப்பது, இவ்வளவுதான் மனிதனின் ராஜ்யம். சிறிய ராஜ்யமென்றாலும் அதை அலட்சியம் செய்வதற்கில்லை. பந்து புறப்படும் திசை ஒரே ஒரு பாகை பிசகினாலும் 200 கஜத்துக்கு அப்பால் அது 10 அடிக்கு மேல் விலகி விழும். அந்தத் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சந்திப்பின்போது மட்டையின் முகம் எங்கே பார்த்தது என்பதுதான். முகம் எங்கே பார்க்கும் என்பதோ, வெகுவாக, அசையத் தொடங்குமுன் கை அதைப் பிடித்த பிடியைப் பொறுத்தது. ஒவ்வோர் அடியும் சீராக விழவேண்டும் என்று ஏங்குகிறவர்கள் அந்தக் கால் வினாடியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கிறார்கள்; சீர் இருப்பது அதற்கு முந்திய அரை நிமிஷத்தில்.

அந்தச் சிறிய ராஜ்யத்தை இந்த நூற்றாண்டிலோ சென்ற நூற்றாண்டிலோ பென் ஹோகனைப்போல் ஆண்டவர் ஒருவரும் இல்லை என்பது என் அபிப்பிராயம். 1912-இல் டெக்ஸாஸில் பிறந்தவர். அவருக்கு ஒன்பது வயதானபோது தகப்பனார் தற்கொலை செய்துகொண்டார். ஃபோர்ட் வொர்த் நகரின் ஒரு கிளப்பில் பிறருடைய மட்டைகளைச் சுமந்து காசு சம்பாதித்த பிள்ளை. பதினேழு வயதிலேயே தொழிலாட்டக்காரரானாலும், தனியாக ஒரு பந்தயத்தை முதன்முதலாக ஜயிப்பதற்கு 1940 வரை காத்திருந்தவர். அவருடைய பந்து இடப்பக்கமாகக் கொக்கிபோல் வளைந்து காட்டுக்குள் ஓடும் வியாதி ஒன்று அவரை வருஷக்கணக்கில் வாட்டியது. மற்றவர்கள் ஆட்டம் முடிந்து விருந்துக்குப் போகும் நேரத்தில் அவர் தனியாக நின்று, இருட்டும்வரை பந்தடித்து, இடக்கைப் பிடியைச் சிறிது சிறிதாக மாற்றி, தம் உடம்பையே ஒரு சோதனைச்சாலை ஆக்கிக்கொண்டார். அந்தத் தவத்தின் சாரத்தை 1957-இல் ஹெர்பெர்ட் வாரன் விண்ட் என்ற எழுத்தாளரின் துணையோடு ஐந்து பாடங்களாக ஒரு நூலில் எழுதிவைத்தார். அதில் முதற்பாடம் முழுவதும் பிடியைப் பற்றியது, இரண்டாவது பாடம் நிற்கும் நிலையைப் பற்றியது. மட்டை மேலெழுவதற்கு முன்பாகவே நூலின் கணிசமான பாகம் கழிந்துவிடுகிறது. யோக சாஸ்திரத்தில் யமம், நியமம், ஆசனம் என்று எத்தனையோ படிகளைக் கடந்தபின்பே தியானம் என்ற சொல் வருவது நினைவுக்கு வந்தது. ரகசியம் என்னவென்று கேட்டவர்களுக்கு அதை மண்ணிலிருந்து தோண்டி எடுக்கவேண்டும் என்பதே ஹோகனின் பதிலாக வழங்கிவருகிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு மார்க்கம் இருக்கிறது. அதன் வேர் நம் பக்கத்தில் இருப்பதால் சற்று விவரமாகவே சொல்லலாம். மைக்கேல் மர்ஃபி என்ற அமெரிக்கர் 1950-களின் நடுவில் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தாசிரமத்தில் ஓராண்டுக்கு மேல் தங்கித் தியானம் பயின்றார். தாய்நாடு திரும்பியபின் 1962-இல் கலிஃபோர்னியாவின் கடற்கரையில் எசலன் என்னும் ஸ்தாபனத்தை ஒரு நண்பரோடு சேர்ந்து தொடங்கினார். 1972-இல் அவர் எழுதி வெளியிட்ட கதையில், இந்தியாவுக்கு யோகம் பயில வருகிற ஓர் இளைஞன் வழியில் ஸ்காட்லாந்தில் இறங்கி, ஷிவாஸ் அயன்ஸ் என்ற விசித்திரமான ஆசிரியரோடு ஒரு நாள் ஆடி, ஆட்டத்தின் வழியே ஞானத்தின் வாசனையைக் காண்கிறான். 1995-இல் ஸ்டீவன் பிரெஸ்ஃபீல்ட் எழுதிய நாவலோ ஒளிவுமறைவே இல்லாமல் கீதையைக் கோல்ஃப் மைதானத்தில் அரங்கேற்றியது. யுத்தத்தில் மனம் உடைந்து ஆடமாட்டேன் என்று ஒதுங்கி நிற்கும் வீரனின் பெயர் ஆர். ஜூனா, அவனுக்கு மட்டை சுமந்து உபதேசம் செய்யும் தேரோட்டியின் பெயர் பாகர் வான்ஸ். இரண்டையும் சற்று வேகமாக உச்சரித்துப் பார்த்தால் அர்ச்சுனனும் பகவானும் காதில் விழுவார்கள். உண்மையான வீச்சு ஒவ்வொருவனுக்குள்ளும் பிறவியிலேயே இருக்கிறது, அதைப் புதிதாகச் செய்யவேண்டியதில்லை, நாம் குறுக்கே நிற்காமல் விலகினால் போதும் என்பது இந்த மார்க்கத்தாரின் சித்தாந்தம்.

வைணவத்தில் நெடுங்காலமாக நடந்த ஒரு வாதம் இங்கே வேறு வேஷத்தில் வந்து நிற்கிறது. குரங்குக்குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது, பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்கிறது; ஜீவனின் பிரயத்தனம் ஒரு வியாஜமாகவேனும் வேண்டும் என்பார் வடகலையார், பற்றும் தொழிலும் இறைவனுடையதே என்பார் தென்கலையார். ஹோகன் மர்க்கட நியாயத்துக்காரர், பாகர் வான்ஸ் மார்ஜார நியாயத்துக்காரர் என்று வேடிக்கையாக வகுக்கலாம். வேடிக்கையை விட்டுச் சொல்வதானால், பூனை மார்க்கத்தாரின் புத்தகங்கள் படிக்க இன்பமாக இருக்கின்றன, ஆனால் அவற்றைப் படித்துவிட்டு மறுநாள் காலை 'விலகி நின்ற' என் பந்து மூன்று தடவை குட்டைக்குள் போயிற்று. என்னிடம் விலகுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை என்பதே காரணம். ஆயிரம் முறை பழகிய கை எதை விட்டுக்கொடுக்கிறதோ அதைப் பழகாத கை விட்டுக்கொடுக்க முடியாது. வீணை வித்வான் ராகத்தில் தன்னை மறப்பதும், வீணையே தெரியாதவன் தன்னை மறப்பதும் ஒன்றாகுமா? அப்பியாசம், வைராக்கியம் என்ற இரண்டையும் பதஞ்சலி சேர்த்தே சொன்னார் என்பதும், அப்பியாசத்தை முதலில் வைத்தார் என்பதும் இங்கே கவனிக்கத்தக்கவை.

இந்த விஷயத்தில் அற்புதங்களை அவசரப்பட்டு நம்புவதும் ஆபத்து. ஆயிகன் ஹெரிகல் என்ற ஜெர்மானியத் தத்துவப் பேராசிரியர் 1920-களில் ஜப்பானில் ஆசிரியராக இருந்தபோது ஆவா கென்ஸோவிடம் வில்வித்தை பயின்றார். பல வருஷம் தோற்றபின் ஒரு நாள் அம்பு தானாக விடுபட, குரு தலைவணங்கி 'அது எய்தது' என்று சொன்னதாக, 1948-இல் வெளியான தம் சிறுநூலில் எழுதினார். அந்த 'அது' உலகெங்கும் பிரம்மத்துக்கு நிகராகப் பேசப்பட்டது. பிற்காலத்தில் யமாதா ஷோஜி என்ற ஜப்பானிய ஆராய்ச்சியாளர், குருவுக்கும் சீடருக்கும் மொழித்தடை இருந்ததைச் சுட்டிக்காட்டி, நல்ல எய்தலைக் கண்ட ஆசிரியர் சாதாரணமாக 'அதுதான், சரி' என்று பாராட்டியதையே சீடர் அப்படி எடுத்துக்கொண்டிருக்கலாம் என்றார். எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. ஏனென்றால் என் கேடியும், நான் தற்செயலாக ஒன்றைச் சரியாக அடித்துவிட்டால், 'அதான் சார்!' என்றுதான் சொல்வான்.

சீர் என்பதன் பொருளையும் இங்கே சற்றுத் தட்டிப் பார்க்கவேண்டும். ஒரே வீச்சை அச்சுப்போல் திரும்பத் திரும்பச் செய்வதே சீர் என்று நாம் எண்ணுகிறோம். மாஸ்கோவில் 1920-களில் நிகொலாய் பெர்ன்ஸ்டைன் என்ற விஞ்ஞானி, உளியைச் சுத்தியலால் அடிக்கும் தேர்ந்த தொழிலாளிகளின் அசைவுகளைப் படமெடுத்து ஆராய்ந்தார். சுத்தியலின் நுனி ஒவ்வொரு முறையும் உளியின்மீது பிசகாமல் விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் எந்த இரண்டு அடியிலும் ஒன்றுபோல் அசையவில்லை. ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்துகொண்டிருந்தது. உடம்பு எதையும் திரும்பச் செய்வதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்க்கிறது. ஆக, தான் நேற்று அடித்த நல்ல அடியை இன்று மறுபடி வரவழைக்க முயலும் மனிதன் செத்துப்போன ஒன்றை எழுப்பப் பார்க்கிறான். நேற்றைய தோள் வேறு, இன்றைய காற்று வேறு, பந்து கிடக்கும் புல் வேறு. மாறாதது நோக்கம் ஒன்றே.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு பெரிய ஆக்ஷேபம் மிஞ்சுகிறது. பலனை மற, பலன் தானே வரும் என்று ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். ஓட்டுச்சில்லுக்காகப் பந்தயம் கட்டுபவன் தேர்ந்து எய்கிறான், பொன்னுக்காகக் கட்டுபவன் கண் இருண்டு போகிறான் என்ற கருத்தைச் சீன ஞானி சுவாங்ட்ஸு வெகுகாலத்துக்கு முன்பே சொல்லிவைத்தார். வாஸ்தவம்தான். ஆனால் பலன் வரவேண்டும் என்பதற்காகப் பலனை மறக்கிறவன் எதைத் துறந்தான்? வட்டியோடு திரும்பும் என்று தெரிந்து கொடுத்த பணத்தைத் தானம் என்று யாராவது சொல்வார்களா? நிஷ்காமத்தை வெற்றிக்கு ஓர் உபாயமாகக் கற்பிக்கும் நூல்கள் கடைகளில் குவிந்துகிடக்கின்றன. அவற்றில் உள்ளது காமத்தின் சூக்ஷ்மமான ரூபமே என்று எனக்குத் தோன்றுகிறது. கேடி கற்பித்த பாடமும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். பந்து எழவேண்டும் என்பதற்காகவே பந்தைத் தூக்காமல் இருக்கக் கற்றேன், அதில் எனக்குப் புண்ணியம் ஏதும் இல்லை.

மெய்யான துறவு இந்த ஆட்டத்தில் காணப்படுமானால் அது வீச்சில் அல்ல, வீச்சு நிகழாத ஒரு க்ஷணத்தில்தான் காணப்பட்டது. 1925-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் ராஜ்யத்தின் வூஸ்டரில் நடந்த அமெரிக்க ஓப்பன் பந்தயத்தில், பாபி ஜோன்ஸ் நெடும்புல்லில் கிடந்த பந்தை அடிக்கத் தயாராகி நின்றபோது பந்து மயிரிழை அசைந்தது. அதை வேறொருவரும் பார்க்கவில்லை. ஜோன்ஸ் தாமே போய்ச் சொல்லி, அதிகாரிகள் தயங்கியும் கேளாமல், தம் கணக்கில் ஓர் அடியைத் தண்டமாகச் சேர்த்துக்கொண்டார். நான்கு சுற்றுகள் முடிந்தபோது அவரும் வில்லி மக்ஃபார்லனும் சமமாக நின்றார்கள். அந்த ஓர் அடி இல்லையென்றால் பட்டம் அன்றே ஜோன்ஸுடையது. மறுநாள் 36 குழிகள் ஆடியபின், ஒரே அடி வித்தியாசத்தில் அவர் தோற்றார். பாராட்டியவர்களிடம், பாங்கியைக் கொள்ளையடிக்காததற்காக ஒருவனைப் புகழ்வீர்களா என்று கேட்டாராம். இங்கே பலன் உண்மையாகவே போயிற்று, வேறு எந்த வழியாலும் திரும்பி வரவில்லை. அவர் ஐந்து வருஷம் கழித்து நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்றதை இதற்குக் கிடைத்த வெகுமதியாகச் சிலர் எழுதுகிறார்கள். அப்படி எழுதுவது அந்த நாளின் பெருமையைக் குறைப்பதாகும்.

ஹோகனிடம் திரும்புகிறேன். 1949 பிப்ரவரி 2-ஆம் தேதி காலை, டெக்ஸாஸில் வான் ஹார்ன் என்ற ஊருக்கு அருகே, மூடுபனியில் ஒரு பாலத்தின்மீது, லாரியை முந்திக்கொண்டு எதிரே வந்த பஸ் ஒன்று அவருடைய காரில் நேருக்கு நேர் மோதியது. பக்கத்தில் மனைவி வாலரி உட்கார்ந்திருந்தார். மோதுவதற்கு முன் கிடைத்த அந்த இமைப்பொழுதில் ஹோகன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மனைவியின்மீது குறுக்கே விழுந்து மறைத்தார்; ஸ்டியரிங் தண்டு அவர் உட்கார்ந்திருந்த இடத்தைத் துளைத்துக்கொண்டு போயிற்று. இடுப்பெலும்பும் கழுத்துப்பட்டை எலும்பும் கணுக்காலும் முறிந்தன. பிறகு ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்து நேர்ந்து, உடலின் பெரிய நாளம் ஒன்றையே வைத்தியர்கள் கட்டவேண்டியதாயிற்று. ஒவ்வொரு விரலின் அழுத்தத்தையும் எண்ணிப் பார்த்தே மட்டையைப் பிடித்த மனிதர், அந்தக் கால் வினாடியில் எதை எண்ணியிருக்க முடியும்? அதற்கு அவர் எந்த மைதானத்தில் எத்தனை நாள் பழகினார்? மனைவியைக் காக்க விழுந்தவர் தம்மையும் காத்துக்கொண்டார் என்பதில் ஹோகனின் சாமர்த்தியம் எவ்வளவு, கிருபை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லக்கூடிய பண்டிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. குரங்கும் பூனையும் அந்தப் பாலத்தின்மீது ஒன்றாகவே நின்றன என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

பதினாறு மாதம் கழித்து, 1950 ஜூனில், பிலடெல்ஃபியாவுக்கு அருகே உள்ள மெரியனில், கால்களில் கட்டுத்துணி சுற்றிக்கொண்டு அவர் அமெரிக்க ஓப்பனில் ஆடினார். கடைசி நாளன்று ஒரே பகலில் 36 குழிகள் நடந்தாகவேண்டும். கடைசிக் குழியில், சமநிலையைக் காப்பாற்ற நான்கே அடிகள்தான் இருக்கின்றன என்ற நிலையில், 200 கஜத்துக்கு மேற்பட்ட தூரத்துக்கு ஒன்றாம் நம்பர் இரும்பு மட்டையை எடுத்தார். ஹை பெஸ்கின் என்ற படக்காரர் அவருக்குப் பின்னாலிருந்து எடுத்த புகைப்படம் இன்றும் பல இடங்களில் மாட்டப்பட்டிருக்கிறது. இரு மருங்கிலும் ஜனங்கள் சுவர்போல் நிற்கிறார்கள். வீச்சு முடிந்து உடல் முழுவதும் இடக்காலின்மேல் ஏறி நிற்கிறது. வலது காலணியின் அடிப்பாகம் நம்மை நோக்கி நிமிர்ந்திருக்கிறது. தொப்பி தெரிகிறது, முகம் தெரியவில்லை. அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அடி முடிந்துவிட்டது, அடித்தவர் இன்னும் அசையவில்லை, கூட்டம் முழுவதும் தூரத்தில் எதையோ பார்க்கிறது. பந்து எங்கே என்று எவ்வளவு தேடினாலும் படத்தில் அகப்படவில்லை.